வெற்றிலை ஈரமும் நீல மையும்

அக்கா மகளின் நிச்சயதார்த்தம் ஆவணியில் நடந்தது. தாம்பூலப் பைகளில் கட்டுவதற்காக நாற்பது டேக்குகள் செய்து கொடுத்திருந்தேன். ஐந்து அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம். மேல் மூலைகள் இரண்டும் சாய்வாக வெட்டிய அட்டைச் சீட்டு, ஒரு துளை, அதில் நூல். நீலமும் பச்சையும் கலந்த பின்னணியில் தாமரை அச்சு. மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது கண் நிறைந்திருந்தது.

மறுநாள் காலை மண்டபத்தில் வெற்றிலையைக் கழுவி, உதறி, ஈரம் போகும் முன்பே பைகளில் போட்டார்கள். அப்படித்தான் எல்லா வீட்டிலும் போடுவார்கள். அரை மணி நேரத்தில் துணிப்பை நனைந்தது, டேக் நனைந்தது, நீலம் கரைந்து வழிந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவரின் வெள்ளை வேட்டியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை. அவர் பெரிய மனதோடு, "பரவாயில்லை அம்மா, துவைத்தால் போய்விடும்" என்றார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாணம் தை மாதத்தில். "சித்தி, கல்யாணத்துக்கும் நீங்கள்தான் செய்ய வேண்டும்" என்று அக்கா மகள் அன்று மாலையே சொல்லிவிட்டாள். இருநூறு டேக். கையில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தில் தஞ்சாவூரில் என் வீட்டு மேசையிலும் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் நான் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் மை. நிச்சயதார்த்தம் முடிந்து வீடு திரும்பிய இரவே, இருந்த மை டப்பாக்கள் பதினொன்றையும் திறந்தேன். ஒரு நீள அட்டையில் ஒவ்வொன்றாக ஒற்றி, பக்கத்தில் பெயரைப் பென்சிலால் எழுதி, இரவு முழுக்க மின்விசிறிக்கு அடியில் காயவிட்டேன். காலையில் ஈர வெற்றிலையையே எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்து அமுக்கிப் பார்த்தேன். ஏழு கரைந்தன. நான்கு அசையவில்லை.

டப்பாக்களைத் திருப்பி, அதுவரை படிக்காமல் விட்ட எழுத்துகளைப் படித்தபோது காரணம் தெரிந்தது. சாய மை என்பது நீரில் கரைந்த நிறம். காகித நாருக்குள் ஊறிச் சீக்கிரம் காயும். ஆனால் மறுபடி ஈரம் பட்டால் பெரும்பாலும் இளகிவிடும், நாள்பட வெளிச்சத்தில் மங்கும். நிறமி மையில் நிறம் நுண்ணிய துகள்களாக இருக்கிறது. அது காகிதத்தின் மேலேயே தங்குவதால் மெதுவாகக் காயும், வெளிச்சத்தைச் சாயத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆர்க்கைவல் என்று போட்டிருக்கும் மை, காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு மசியாது. கரைப்பான் கலந்த மை வேகமாக ஆவியாகிக் காய்ந்து கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் எதன் மேலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரில் கழுவினால் ரப்பர் அச்சை விட்டுப் போகாது, அதற்கென உள்ள திரவம் வேண்டும். நான் நீலப் பின்னணிக்கு எடுத்திருந்த மையோ, தண்ணீர் தெளித்தால் கரைந்து பரவ வேண்டும் என்பதற்காகவே தயாரிக்கப்பட்டது. அந்த மை அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

அதற்குப் பிறகு மை எடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இதன் மேல் அடுத்து என்ன வரப்போகிறது? கோட்டுருவத்தை முதலில் அச்சிட்டு அதன் மேல் நீர்வண்ணம் பூசப்போகிறேன் என்றால் கோட்டுக்கு ஆர்க்கைவல் மை. சூட்டில் உருகி மேடாக நிற்கும் எம்போசிங் தூளைத் தூவி உருக்கப்போகிறேன் என்றால் மெதுவாகக் காயும் நிறமி மை. தாம்பூலப் பையில் கட்டும் டேக்குக்கு மேலே கடைசியாக வரும் அடுக்கு வெற்றிலை ஈரம். அதை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

அதற்காக அந்தக் கரையும் மையை ஒதுக்கவும் மனம் வரவில்லை. அதன் அழகு வேறு எதிலும் கிடையாது. பூசிக் காய்ந்த பரப்பில் விரல் நுனியால் தண்ணீரைச் சுண்டித் தெளித்து, பத்து எண்ணும் வரை பொறுத்து, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால், துளி விழுந்த இடமெல்லாம் வெளிர் வட்டங்களாகி, ஓரத்தில் மட்டும் அடர்ந்த வளையம் நிற்கும். முதல் மழை விழுந்த வாசல் மண் மாதிரி இருக்கும். இதைக் காப்பாற்ற மேலே வார்னிஷ் பூசினேன். தூரிகையால் பூசியபோது வட்டங்கள் எல்லாம் இழுபட்டுக் கலைந்தன, ஏனென்றால் அந்த வார்னிஷிலும் தண்ணீர் இருக்கிறது. தெளிப்பு டப்பாவில் வரும் வார்னிஷை மொட்டை மாடியில் வைத்து, ஒரு முழ தூரத்திலிருந்து, மெல்லிதாக இரண்டு முறை அடித்ததும் நிலைத்தது. வீட்டுக்குள் அடிக்காதீர்கள், நெடி நெஞ்சை அடைக்கும். வெற்றிலைச் சோதனையை மறுபடி செய்தேன். ஒரு பொட்டு நீலம்கூட இலையில் ஒட்டவில்லை.

அடுத்து அச்சு. இருபத்தாறு ஆண்டுகள் அலுவலகத்தில் கோப்புகளுக்கு முத்திரை குத்தியவள் நான். குத்துவது என்ற சொல்லே சொல்லிவிடுகிறது: மைப்பெட்டியில் ஒரு குத்து, தாளில் ஒரு குத்து. அந்தக் கைப்பழக்கம் இங்கே உதவாது. ஓங்கிக் குத்தினால் அச்சின் ஓரங்கள் மையில் முங்கி, உருவத்தைச் சுற்றித் தேவையில்லாத கோடுகள் விழும். அச்சைக் கவிழ்த்து மையில் வைக்காமல், அச்சை மல்லாக்கப் பிடித்து மைப்பெட்டியை அதன் முகத்தில் மெல்லத் தட்டித் தட்டி மை ஏற்ற வேண்டும். பிறகு அட்டையில் வைத்து, நேராக அழுத்தி, ஆட்டாமல், நேராக எடுக்க வேண்டும். அட்டைக்கு அடியில் கைப்பேசியின் பழைய ரப்பர் உறையோ மெல்லிய நுரைத் தகடோ இருந்தால் மேடு பள்ளமான அட்டையிலும் அச்சு முழுதாக விழும். கை பழக எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

கடைகளில் கிடைக்கும் அச்சுகளில் ரோஜாவும் பட்டாம்பூச்சியும் ஈஃபிள் கோபுரமும்தான் இருந்தன. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் வாசல் கோலம் வேண்டும் என்று எனக்கு ஆசை. பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுப்பவரிடம், ஏழு புள்ளிச் சிக்குக் கோலத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்து எடுத்துப் போனேன். அவர் கண்ணாடியை உயர்த்திவிட்டுப் பார்த்து, "கோடு இவ்வளவு சன்னமாக இருந்தால் நாலு தடவைக்கு மேல் தாங்காது அம்மா, வளைந்துவிடும். தடித்துப் போட்டு வாருங்கள்" என்றார். தடித்த முனைப் பேனாவால் மறுபடி வரைந்தேன். சிக்கு கடக்கும் இடங்களில் இடைவெளியை அகட்டினேன். பின்புறத்துக்கு 'வருகைக்கு நன்றி' என்று எழுத்து அச்சும் சொன்னேன். தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் உண்டு. நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே போனால் 'ன'வின் சுழியும் மெய்யெழுத்தின் புள்ளியும் மையில் அடைத்துக்கொள்ளும். ஆறு மில்லிமீட்டரில் செய்யச் சொன்னேன், தெளிவாக வந்தது. கடைகளில் விற்கும் வெளிநாட்டு அச்சு ஒன்றின் விலையைவிட இரண்டும் சேர்ந்தே குறைவு.

மேடு பள்ளம் உண்டாக்கும் பசையை நான் கற்ற இடம் பக்கத்து வீடு. அந்த வீட்டு அக்கா முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தஞ்சாவூர் ஓவியம் செய்கிறவர். பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் படம் வரைந்து, ஆபரணமும் மண்டபமும் வரும் இடங்களில் சுண்ணாம்புத் தூளும் கோந்தும் குழைத்த மக்கு வைத்து மேடாக்கி, அது காய்ந்தபின் தங்கத் தகடு ஒட்டுவார்கள். டேக்குகளில் மேடு எழுப்புவதற்கென்று விற்கும் பசை விலை அதிகம். 'இதுவும் மக்குதானே' என்று நினைத்து, அவரிடம் ஒரு கிண்ணம் மக்கு வாங்கி வந்து டேக்கில் வைத்தேன். காயும்வரை அருமையாக இருந்தது. துளையில் நூல் கோர்க்க அட்டையை லேசாக வளைத்தேன். தரை வெடித்த வயல் மாதிரி விரிசல் ஓடி, பாதி உதிர்ந்து மடியில் விழுந்தது.

எடுத்துப்போய் அக்காவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பலகை வளையாது. உன் அட்டை வளையும். வளைகிற இடத்தில் இந்த மக்கு நிற்காது, பசையைக் கூட்டு" என்றார். எந்த வகுப்புக்குப் போயிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கூட்டிப் பார்த்தேன். கோந்தை விட்டுவிட்டு ஃபெவிகாலுக்கு மாறினேன், அது காய்ந்தபின்னும் சற்று வளைந்து கொடுக்கும். சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, வெள்ளை அக்ரிலிக் வண்ணம் ஒரு பங்கு. தூளைத் தேநீர் வடிகட்டியில் சலித்த பிறகுதான் கலக்க வேண்டும், ஒரு கட்டி இருந்தாலும் கோடு இழுத்துவிடும். இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைக் கவிழ்த்தால் விழாத பதம். இந்த விகிதத்தில் இன்னொரு சூட்சுமம் இருந்ததைப் பிறகுதான் கண்டேன். ஃபெவிகால் அதிகமானால் காய்ந்த மேடு வழவழப்பாகி மையைக் குடிக்காது. மேலே போட்ட சாயம் முத்து முத்தாக நின்று, மணிக்கணக்கில் காயாமல், கை பட்டால் துடைத்துக்கொண்டு வரும். தூள் அதிகமானால் மையை உடனே உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் விரிசல் விடும். இரண்டுக்கும் நடுவே நிற்பது மேலே சொன்ன அளவு. அதை ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் விரிசலுக்குப் பயமில்லை.

பசையை வடிவமாக இறக்க, மார்கழியில் தெருவில் விற்கும் துளையிட்ட கோல அச்சுத் தகட்டையே பயன்படுத்தினேன். தகட்டை அட்டையில் வைத்து நான்கு பக்கமும் ஒட்டுநாடா போட்டு, காலாவதியான ஏடிஎம் அட்டையால் பசையை ஒரே இழுப்பில் தடவி, தகட்டைச் செங்குத்தாகத் தூக்க வேண்டும். தூக்கும் அந்த ஒரு கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். தகட்டை உடனே தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஒருமுறை தொலைபேசி வந்து பேசிவிட்டுத் திரும்பினேன், துளைகள் அத்தனையும் கல்லாகி இருந்தன.

காயும் வரை பொறுமை இல்லாமல் சூட்டுக் காற்றுத் துப்பாக்கியைக் காட்டினேன் ஒரு நாள். மேல்தோல் காய்ந்து, உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, அப்பளம் பொரிவதுபோல் மேடு முழுக்கக் கொப்புளம். வேண்டுமென்றே அந்தக் கொப்புளத்தை வரவழைப்பவர்களும் இருக்கிறார்கள், துருப்பிடித்த இரும்பு போன்ற தோற்றத்துக்கு அது நன்றாக இருக்கும். கோலத்துக்குப் பொருந்தாது.

அந்தத் துப்பாக்கி வேண்டியது தூள் உருக்குவதற்கு. நிறமற்ற பிசுபிசுப்பு மையிலோ நிறமி மையிலோ அச்சிட்டு, ஈரம் இருக்கும்போதே பொன் நிறத் தூளைத் தூவி, தட்டி உதறி, சூடு காட்டினால் உருகி மேடாக நிற்கும். அதற்கு முன் அட்டை முழுவதையும் முகப்பவுடர் முடிந்த மெல்லிய துணிப் பொட்டணத்தால் ஒருமுறை தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தேவையில்லாத இடத்திலெல்லாம் பொன் துகள் ஒட்டிக்கொள்ளும். முடி உலர்த்தும் கருவி இதற்கு ஆகாது. சூடு போதாமல், காற்றோ அதிகமாகி, தூளை ஊதித் தள்ளிவிடும். மின்பணியாளர்கள் பயன்படுத்தும் துப்பாக்கியின் முழுச் சூடோ அட்டையைக் கருக்கிவிடும். நான் குறைந்த அளவில் வைத்து, ஒரு சாண் தூரத்தில், முதலில் அட்டைக்கு அடியிலிருந்து காட்டினேன். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. தூள், ரவை தூவியதுபோல் மங்கலாகவே கிடக்கும். திடீரென்று ஒரு மூலையில் பளபளப்பு தோன்றும். அது அப்படியே கோட்டின் வழியே ஓடி, சிக்குக் கோலத்தின் வளைவுகளில் திரும்பி, கடைசி வளைவில் போய்ச் சேரும். யாரோ பொன்னால் கோலம் போட்டுக்கொண்டு போவது மாதிரி இருக்கும். சேர்ந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் காட்டினால் உருகியது காகிதத்துக்குள் இறங்கி, எண்ணெய்க் கறை போலத் தட்டையாகிவிடும்.

தாள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) நீர்வண்ணத் தாள் வாங்குங்கள். அதற்குக் குறைந்தால் பசையின் கனத்தில் சுருண்டுகொள்ளும். ஏ3 தாளில் என் அளவுக்குப் பன்னிரண்டு டேக் வரும். இருநூற்றுக்குப் பதினேழு தாள், சேதாரத்துக்கு மூன்று, ஆக இருபது. பின்னணி வண்ணத்தை முழுத் தாளிலும் பூசிக் காயவிட்டு, பிறகு வெட்டினால் நேரம் பாதியாகக் குறையும். ஒரு டேக்கை எடுத்து முழுதாக முடிப்பதை விட்டுவிட்டு, ஒரு வேலையை எடுத்து எல்லா டேக்கிலும் முடியுங்கள்.

துளையைப் பசை வைக்கும் முன்பே போட்டுவிடுங்கள். நிச்சயதார்த்தத்தில் ஈரம் பட்ட டேக்குகள் பல, துளையில்தான் கிழிந்து விழுந்தன. 1863இல் அமெரிக்காவில் டெனிசன் என்பவர் சரக்கு மூட்டைகளில் கட்டும் டேக்கின் துளையைச் சுற்றிக் காகித வளையம் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நூற்று அறுபது ஆண்டுகளாக அந்த வளையம் அப்படியே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இருபுறமும் ஒரு வளையம் ஒட்டினேன், ஒன்றுகூடக் கிழியவில்லை. நூலுக்கு, கோப்பு கட்டும் பச்சை நூலையே எடுத்துக்கொண்டேன். எழுதுபொருள் கடையில் போய் டேக் என்று கேட்டால் எங்கள் ஊரில் அந்த நூலைத்தான் எடுத்துத் தருவார்கள். இரு முனைகளின் தகரத்தையும் வெட்டிவிட்டால் திடமான, நிறம் போகாத நல்ல நூல்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஆவணி வெயிலில் மூன்று மணி நேரத்தில் காய்ந்த பசை, இப்போது ஒரு பகலும் ஓர் இரவும் கேட்டது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்ததுபோல் இருந்தது. முப்பது டேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி டப்பாவில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் ஒரே கட்டையாக ஒட்டியிருந்தன. பிரித்தபோது ஒன்றின் கோலம் அடுத்ததன் முதுகோடு வந்துவிட்டது. முப்பதும் போயின. மேலே காய்ந்திருப்பது உள்ளே காய்ந்ததற்குச் சாட்சி ஆகாது. மேட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அன்று முதல் கூடத்தில் குறுக்கே கயிறு கட்டி, துணிக் கவ்விகளில் டேக்குகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை ஓடவிட்டேன். டப்பாவில் வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைத்தேன். தீபாவளி அன்று வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் டேக்குகளுக்கு அடியில் குனிந்துதான் போனார்கள்.

கார்த்திகையில் என் அக்கா வந்திருந்தாள். தொங்கும் டேக்குகளைப் பார்த்துவிட்டு, வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மாவின் புடவை ஒன்று இருக்கிறதே" என்றாள். அரக்கு நிறத் திருபுவனம் பட்டு. அம்மா போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மடிப்பு விழுந்த இடங்களெல்லாம் விட்டுப்போய், உடுத்த முடியாத நிலையில் பீரோவில் இருந்தது. அதன் ஜரிகைக் கரையை வெட்டுவதா என்று இருவரும் இரவு பதினொரு மணிவரை பேசினோம். கத்திரிக்கோலை அக்காதான் எடுத்தாள்.

ஜரிகையை வெட்டினால் இழை இழையாகப் பிரிந்துவிடும். வெட்டும் முன் பின்புறம் ஃபெவிகாலில் சிறிது தண்ணீர் கலந்து தடவி, நன்றாகக் காயவிட்டு, பிறகு அளவுகோல் வைத்துக் கூரிய கத்தியால் கோடு போடுவதுபோல் வெட்டினோம். நூல் பிரியவில்லை. ஒரு டேக்குக்கு இரண்டரை அங்குல நீளம், அரை அங்குல அகலம். மூன்று அங்குலக் கரையில் பழுதில்லாமல் மிஞ்சியிருந்த இரண்டே கால் மீட்டரே இருநூற்றுக்கும் போதுமாக இருந்தது. டேக்கின் அடிப்பகுதியில், மேட்டுக் கோலத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் நடுவே, அதை ஒட்டினோம். பொன் தூளின் பளபளப்புக்குப் பக்கத்தில் அந்தப் பழைய ஜரிகை சற்று மங்கலாகத்தான் தெரிந்தது. பாலிஷ் எதுவும் போடவில்லை. அப்படியே இருக்கட்டும் என்றாள் அக்கா.

கல்யாணத்தன்று மண்டபத்தில் வெற்றிலையைக் கழுவி, உதறி, ஈரத்தோடுதான் பைகளில் போட்டார்கள். யாரையும் தடுக்கவில்லை. பந்தி முடியும்வரை வாசல் மேசை அருகிலேயே நின்று, பை வாங்கிப் போகிறவர்களின் கைகளையும் வேட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கறை இல்லை. நிச்சயதார்த்தத்தில் வேட்டி நனைந்த அந்தப் பெரியவர், பையிலிருந்து டேக்கை அவிழ்த்து, கட்டைவிரலால் கோலத்தைத் தடவிப் பார்த்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மிஞ்சிய டேக்குகளில் ஆறு என்னிடம் இருக்கின்றன. ஐந்தைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆறாவதைத் தெற்குப் பார்த்த சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடியிருக்கிறேன். நீலப் பின்னணி சாய மைதானே, வார்னிஷ் தண்ணீரைத் தடுக்கும், வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று பார்க்க வேண்டும். அட்டையின் ஓரத்தில் தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற தையில் எடுத்துப் பார்ப்பேன்.